தமிழ்த் திரைப்பாட்டில் ஜாஸ்: விருந்தாளியா, வீட்டு ஆளா?

டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம் செட்டும் தமிழ் சினிமாவுக்குள் எப்படி வந்தன, வந்து என்னவாக இருந்தன என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிவருகிறார்கள். சங்கீத விமர்சகர், அமைச்சர், மானிடவியலாளர், பழைய பாட்டு ரசிகர் என்று ஆளுக்கொரு பதில். அநேகமாக எல்லாமே கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் நின்று சொல்லப்பட்ட பதில்கள். பாட்டு அங்கேதான் உருவானது என்பதால் அதில் தவறில்லை. ஆனால் பாட்டு போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து கேட்டால் கேள்வியே கொஞ்சம் மாறுகிறது. எடுத்துக்காட்டாக, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊர்; திருவரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகியவற்றோடு அரையர் சேவை நடக்கும் மிகச் சில தலங்களில் ஒன்று. பக்கத்திலேயே ராஜபாளையம், 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையிலிருந்து ஆலை நகரமாக வளர்ந்தது. ஒன்றில் பாசுரமும் நாகஸ்வரமும், மற்றதில் ஷிப்டுக்கு ஊதும் சங்கும். 1960களில் இரண்டு ஊரிலும் ஒரே கொட்டகைப் படங்கள், ஒரே ரேடியோ செட்டுப் பாட்டுகள். ஹவானாவிலும் நியூயார்க்கிலும் பிறந்த தாளங்களின் மேல் கட்டிய மெட்டுகள், எந்த ஹோட்டல் நடனக் கூடத்தையும் எட்டிப் பார்த்திராத இந்தக் காதுகளில் அந்நியமாக ஒலிக்காமல் போனது ஏன்? முந்தைய பதில்களை இந்தக் கேள்வியை வைத்து உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் ஒரு வரையறை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜாஸ் என்று சொல்வதும் தமிழ்த் திரையிசை பற்றிய பேச்சில் ஜாஸ் என்று வழங்குவதும் ஒன்றல்ல. இங்கே அந்தப் பெயர் 1930 முதல் 1960 வரையிலான நடன இசைக்குழுவின் முழுக் கடையையும் குறிக்கும்: ஸ்விங், ஃபாக்ஸ்டிராட், ரும்பா, சா-சா-சா, பின்னால் ராக் அண்ட் ரோல் வரை. கறார்க்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் ஹோட்டலில் வாசித்த அதே ஆட்கள் இவை அத்தனையையும் ஒரே மேடையில் வாசித்தார்கள் என்பதால் இந்தக் கலவையான வழக்கே இந்திய நிலவரத்துக்குப் பொருந்துகிறது.

நகல் என்ற குற்றச்சாட்டு

மிகப் பழைய பதில், இது வெறும் நகல் என்பது. 1940களில் தமிழிசை இயக்கம் தமிழ்ப் பாட்டுக்கு மேடை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், திரைப்பாட்டு இரவல் மெட்டில் ஓடுகிறது என்ற குறை சாஸ்திரீய வட்டாரத்தில் வலுத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அந்தக் குறையை அரசுக் கொள்கையாக்கி, அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஓரங்கட்டினார். விளைவு ஊரறிந்தது: கேட்பவர்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள், 1957இல் விவித் பாரதி தொடங்க வேண்டி வந்தது. இந்த நிலைப்பாட்டுக்கு வேறொரு கோடியிலிருந்தும் துணை உண்டு. ஜெர்மானியச் சிந்தனையாளர் அடோர்னோ 1936இல் ஜாஸைப் பற்றி எழுதியபோது, அதிலிருப்பது சுதந்திரத்தின் பாவனைதான், அடியில் ஓடுவது சந்தைக்கான வார்ப்பு என்றார். தமிழ்நாட்டு இடதுசாரி விமர்சனத்தில் அவர் பெயர் வராமலேயே அந்த வாதம் அவ்வப்போது தலைகாட்டும்.

குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லாமல் இல்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு இசையமைத்த வேதா இந்தி, மேற்கத்திய மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்ததை ஒளித்தவர் அல்லர். 'புதிய பறவை' படத்தின் 'பார்த்த ஞாபகம் இல்லையோ' பாடலில் 'ஸ்வே' பாட்டின் சாயல் இருப்பதாக ரசிகர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். இருந்தாலும் நகல் என்ற சொல் விளக்க முடியாதவை இரண்டு. கடன் வாங்கிய மெட்டுகளில் பல ஒரு வாரம்கூட நிற்காமல் மறைந்தன, சில மூன்று தலைமுறையாக நிற்கின்றன. இரண்டும் நகல் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? அடுத்து, எதை எடுத்தார்கள் என்பதைப் போலவே எதை விட்டார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. ஜாஸின் உயிர்நாடி என்று சொல்லப்படும் தனி வாத்தியக் கற்பனை தமிழ்ப் பாட்டில் ஏறக்குறைய இல்லவே இல்லை. நகல் எடுப்பவன் முக்கியமானதையா விட்டுவிடுவான்?

வாசித்தவர்களின் வரலாறு

இரண்டாவது பதில் கவனத்தை மெட்டிலிருந்து வாசித்தவர்கள் பக்கம் திருப்பியது. கிரெகரி பூத்தின் 2008ஆம் ஆண்டு நூலும் நரேஷ் பெர்னாண்டஸின் 'தாஜ் மஹால் ஃபாக்ஸ்டிராட்' நூலும் இந்தித் திரையிசைக்குப் பின்னால் இருந்த கோவாக்காரர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. 1935இல் லியோன் ஆபியின் கறுப்பினக் குழு பம்பாயில் வாசித்தது. பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாசித்து 1945இல் கல்கத்தாவிலேயே இறந்தார். அவர்களிடம் கேட்டுப் பழகிய உள்ளூர்க்காரர்கள் பகலில் ஸ்டுடியோ, இரவில் ஹோட்டல் என்று பிழைத்தார்கள். சிக் சாக்லேட் என்ற டிரம்பெட்காரர் இந்தி இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவோடு சேர்ந்து 1951இல் 'அல்பேலா' படத்தில் செய்தது இந்த வரலாற்றின் நல்ல மாதிரி. சென்னையிலும் இதற்கு இணை உண்டு: டிரம்ஸ் நோயல் கிராண்ட், கிடார் பிலிப்ஸ், இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனுக்கு உதவியாளராக இருந்த ஜோசப் கிருஷ்ணா, பிறகு இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டர்.

இந்த ஆய்வுகள் செய்த நன்மை பெரிது. பெயரில்லாத உழைப்புக்குப் பெயர் கொடுத்தன. ஆனால் பம்பாய் வார்ப்பை அப்படியே சென்னையில் பொருத்தினால் இடிக்கிறது. இங்கே மேற்கத்திய சுரக்குறிப்பு அறிந்தவர்கள் எல்லாரும் ஹோட்டல் வழியாக வந்தவர்கள் அல்லர். தென்மாவட்டங்களின் மிஷன் பள்ளிகளும் தேவாலயப் பாடகர் குழுக்களும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நாலு குரல் சேர்ந்திசையைப் பழக்கியிருந்தன. தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் மேற்கத்திய இசையும் கற்று, 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தை வெளியிட்டது இந்தப் பின்னணியில்தான். மேலும், தமிழ்த் திரையின் ஜாஸ் மோகத்துக்கு உச்சம் தந்த விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் தேறியது ஹோட்டல் மேடையில் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் சிந்தாமணியைச் சேர்ந்த இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில். 1952இல் அவர் இளம் வயதிலேயே மறைந்தபோது கையிலிருந்த படங்களை முடித்துக் கொடுத்தே இவர்கள் இரட்டையர் ஆனார்கள். வாசித்தவர்களின் வரலாறு, ஒலி எப்படி உண்டானது என்று சொல்கிறது. அது ஏன் பிடித்தது என்பது அதன் கேள்வியே இல்லை.

செரித்துக்கொண்டோம் என்ற வாதம்

மூன்றாவது பதில் தமிழர்களுக்கு மிகவும் பிடித்தது: வெளியிலிருந்து எது வந்தாலும் நாம் செரித்துக்கொள்வோம். அதன் முதற்சான்று கைவசம் தயாராக இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் கட்டினார். அவை இன்றும் நோட்டுஸ்வரம் என்ற பெயரில் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். தீட்சிதர் 1835இல் காலமானதும் அதே எட்டயபுரத்தில். பிற்காலத்தில் கிளாரினெட் ஏ.கே.சி. நடராஜனின் கையிலும் சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத்தின் கையிலும் ராகம் பேசின. கல்யாணத்துக்கு நாகஸ்வரத்தோடு பேண்டு செட்டும் வைப்பது தென்மாவட்டச் சிற்றூர்களில் அந்தஸ்தாகவே இருந்தது.

இந்த வாதத்தின் வலுவான வடிவம் தாளத்தில் இருக்கிறது. ஸ்விங் என்ற ஆட்டத்தில் ஒவ்வொரு அடியும் சம பாதியாகப் பிரியாது. முதல் பாதி நீளும், இரண்டாவது குறுகும். எண்ணிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கும் ஒரு பங்குமாக விழும். தகிட என்ற திஸ்ர நடையில் நடு எழுத்தை அடிக்காமல் விட்டால் கிடைப்பதும் ஏறக்குறைய அதுவே. ராஜபாளையத்துக்குத் தெற்கே, சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் தம் இருபத்தாறு ஆண்டு வாழ்வில் பாடிவைத்த காவடிச் சிந்துகள் திஸ்ர நடையின் துள்ளலில் பாடப்படுபவை. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுப்பவனின் கால் அந்த ஏற்ற இறக்கத்தை அறியும். சமத்தில் தொடங்காமல் அரை இடம் தள்ளி எடுப்பதும் நம் பாட்டுக்குப் பழக்கமானது. தவில்காரர் தாளத்தை ஒளித்து வைத்து விளையாடுவதை வீதியில் நின்று ரசித்த ஊர்கள் இவை. ஆகவே ஜாஸின் இடறும் தாளம் இந்தக் காதுக்குப் புதிராக இருந்திருக்காது என்று ஊகிக்க இடமுண்டு.

ஊகம் என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு தாளங்கள் ஒத்திருப்பதால் ஒன்று மற்றதற்கு வழி திறந்தது என்று ஆகாது. வேகம் கூடும்போது ஸ்விங்கின் நீட்டல் சமப்பட்டுவிடும்; திஸ்ரம் எந்த வேகத்திலும் திஸ்ரமே. தமிழ்ப் படங்களில் பரவலான சா-சா-சாவும் ரும்பாவும் நாலின் கணக்கில் நிற்பவை; அவற்றுக்குக் காவடிச் சிந்தைச் சாட்சி அழைக்க முடியாது. இதைவிட முக்கியமான குறை, செரிமான வாதம் வெற்றிகளை மட்டுமே எண்ணுகிறது. எதை நாம் ஏற்கவில்லை, ஏற்றதையும் எந்த மூலையில் வைத்தோம் என்று அது கேட்பதில்லை. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே வெளியேற்றியது என்பதை நினைத்தால், செரிமானம் எப்போதும் இவ்வளவு சுகமாக நடக்கவில்லை என்பது விளங்கும்.

குரலும் ஒழுக்கமும்

மூலை என்ற விஷயத்தைக் கையில் எடுத்தவர் அமெரிக்க மானிடவியலாளர் அமாண்டா வைட்மன். பின்னணிப் பாடகர்களைப் பற்றிய அவரது 2021ஆம் ஆண்டு நூல், பெண் குரல் இரண்டாகப் பிரிக்கப்பட்ட கதையைச் சொல்கிறது: குடும்பப் பெண்ணுக்கு பி. சுசீலா, கிளப் ஆட்டக்காரிக்கு எல்.ஆர். ஈஸ்வரி. இந்தப் பார்வையில் ஜாஸ் என்பது ஓர் ஒழுக்க எல்லை. கதாநாயகி கோயிலில் பாடும்போது வீணை. வில்லனின் கூடாரத்தில் சாக்ஸபோன். 'உத்தம புத்திரன்' (1958) படத்தில் ஜி. ராமநாதன் போன்ற ராகப் பிடிப்புள்ள இசையமைப்பாளரும் 'யாரடி நீ மோகினி'க்குள் ராக் அண்ட் ரோல் வைத்தது கேளிக்கை மன்னனின் அரண்மனையில்தான், கதையின் உத்தமன் இருக்கும் பக்கத்தில் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பார்த்தால் இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. ஏ.பி. நாகராஜனின் 'திருமால் பெருமை' (1968) ஆண்டாள் கதையைச் சொன்னபோது கே.வி. மகாதேவன் வயலின் கூட்டத்தை வைத்துக்கொண்டார். டிரம் செட்டை உள்ளே விடவில்லை. எந்த நாதம் எந்த வாசலுக்கு என்பதில் இசையமைப்பாளருக்கும் கேட்பவருக்கும் ஒரே புரிதல் இருந்தது. ஆனால் அந்த எல்லைக்கோடு வைட்மன் வரைவதைவிட நெளிந்தது. 'பார்த்த ஞாபகம் இல்லையோ' மேடையில் பாடப்படும் கிளப் பாட்டு, பாடியவர் சுசீலா. அதே மெட்டு பின்னால் துயர வடிவில் திரும்பி வந்து கதாநாயகனை வதைக்கிறது. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் இத்தாளங்கள் கேளிக்கையிலிருந்து கல்லூரி முடித்த இளைஞர்களின் குறும்புக்கு இடம் மாறிவிட்டன. ஒழுக்கக் கோடு ஒரு தொடக்கத்தை விளக்குகிறது. பத்தாண்டில் அது தேய்ந்ததை விளக்க வேறொன்று வேண்டும்.

இடையிசையில் குடியிருப்பு

அந்த வேறொன்று பாட்டின் கட்டமைப்புக்குள் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தின் 'அவளுக்கென்ன' பாடலை எடுத்துக்கொள்வோம். ஒலிப்பதிவுக் கூடமே திரையில் வரும் அபூர்வக் காட்சி. விஸ்வநாதன் நின்று கை வீசி நடத்துகிறார், டி.எம். சௌந்தரராஜன் மைக் முன்னால் பாடுகிறார், வாத்தியக்காரர்கள் வரிசையாகத் தெரிகிறார்கள், நாகேஷ் ஆடுகிறார். கண்ணை மூடிக் கேட்டால் வேலைப் பங்கீடு புலப்படும். பாடகர் பாடும்போது மெட்டு தமிழ் வரியின் அசைக்குக் கட்டுப்பட்டு, சங்கதி வைத்துத் தன் பாட்டுக்குப் போகிறது. அடியில் தாளக் கருவிகள் மட்டும் இடறி ஓடுகின்றன. பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் இருக்கும் சில விநாடிகளில் பித்தளை வாத்தியங்கள் பாய்ந்து வந்து வீட்டையே எடுத்துக்கொள்கின்றன. சரணம் தொடங்கியதும் ஒதுங்கி நிற்கின்றன. 1960களின் ஜாஸ் சாயல் பாடல்களில் பெரும்பான்மை இந்தக் கட்டுக்கோப்பில் நிற்பவை. ஜாஸ் தமிழ்ப் பாட்டில் குடியேறிய இடம் இடையிசை.

இதை வைத்துப் பார்த்தால் நகல் வாதிகள் குறையாகச் சொன்னதற்கும் வேறு பொருள் கிடைக்கிறது. தனிக் கற்பனையை ஏன் எடுக்கவில்லை? மூன்று நிமிட இசைத்தட்டில் இடமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பசி இங்கே இல்லை. சுவாமி புறப்பாட்டில் ஒரு நாகஸ்வரக்காரர் ஒரே ராகத்தை வீதி வீதியாக விரித்துப் போவதைக் கேட்ட ஊருக்குக் கற்பனை வாசிப்பைக் கற்றுத்தர நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நம் இசையில் இல்லாதிருந்தவை வேறு: பல வாத்தியங்கள் ஒரே மூச்சில் எழுப்பும் கன ஒலி, சுரங்கள் அடுக்கி நிற்கும் இசைவு, ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடத்தக்க தாளம். தேவைப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1994இல் 'டூயட்' படத்தில் பாலசந்தரும் ஏ.ஆர். ரஹ்மானும் சாக்ஸபோனுக்கு நீண்ட தனி இடம் கொடுத்தபோது, கத்ரி கோபால்நாத் அதில் வாசித்தது கர்நாடக ராகம் என்பதே இந்த வாதத்துக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த சாட்சி.

மறுப்புகள் உண்டு. கன ஒலிதான் வேண்டுமென்றால் மேற்கத்திய சாஸ்திரீய வாத்தியக் குழு போதுமே, ஜாஸ் எதற்கு? 'சந்திரலேகா' (1948) படத்தில் எஸ். ராஜேஸ்வர ராவ் ஐரோப்பிய வால்ட்ஸ் சாயல் முதல் லத்தீன் அமெரிக்கச் சாயல் வரை பலவற்றைச் சோதித்துப் பார்த்தார். ஜெமினி வாசனின் பணப்பெட்டி அதற்கு இடம் கொடுத்தது. மற்ற தயாரிப்பாளர்களுக்குக் கட்டுப்படியானது நாலு பித்தளை வாத்தியம், ஒரு டிரம் செட், ஓர் அக்கார்டியன். சில ஆட்களை வைத்து நிறைய ஆள் இருப்பதுபோல ஒலிக்கச் செய்வது நடனக் குழுவின் தொழில் ரகசியம். இன்னொரு மறுப்பு கடினமானது: ஜாஸ் மெட்டுக்குள்ளேயே நுழைந்த பாடல்கள் இல்லையா? இருக்கின்றன. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்தின் 'நினைவோ ஒரு பறவை'யில் இளையராஜா மெட்டையும் அதன் அடியில் நகரும் இசைவையும் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கிறார். இடையிசை வேறு, பாட்டு வேறு என்று அங்கே சொல்வது சிரமம். ஆகவே இந்த விளக்கம் 1950, 60களுக்கு நன்றாகவும், இளையராஜா அறிமுகமான 1976க்குப் பிந்தைய காலத்துக்கு அரைகுறையாகவும் பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

நினைவாகிப்போன ஜாஸ்

மணிரத்னத்தின் 'இருவர்' (1997) இந்த வரலாற்றையே படத்துக்குள் அடுக்கியது. ராக மெட்டில் 'நறுமுகையே'. காலம் நகர்ந்து 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி'யும் ஆஷா போஸ்லேயின் 'வெண்ணிலா வெண்ணிலா'வும். காதுக்கு விருந்துதான். ஆனால் வரலாறாக எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம். அந்தப் பித்தளை வாத்தியங்களின் வழவழப்பு 1960களின் சென்னையுடையது அல்ல, 1940களின் அமெரிக்கப் பெருங்குழுக்களுடையது. விஸ்வநாதன் காலத்து ஒலியில் இருந்த அவசரமும் பிசிறும், ஒற்றை மைக்குக்கு யார் முந்துவது என்ற போட்டியும் இதில் இல்லை. 'பாம்பே வெல்வெட்' (2015) படத்தில் அமித் திரிவேதி செய்ததும் இப்படித்தான்: இருந்ததைவிட அழகான பழங்காலம். இவற்றை வைத்து அந்தக் காலத்தை எடைபோடுவதில் எச்சரிக்கை தேவை.

இன்னும் தீராதவை

மொத்தத்தில், நகல் வாதம் கடனைச் சரியாகக் கண்டு பயனைத் தவறவிட்டது. வாசித்தவர்களின் வரலாறு இன்றியமையாதது, ஆனால் பம்பாயின் நிழல் அதில் நீளமாக விழுகிறது. செரிமான வாதத்தில் பெருமிதம் சான்றை முந்திக்கொள்கிறது. குரல் பற்றிய ஆய்வு கூர்மையானது. விதிவிலக்குகள் அதன் விதியைத் தளர்த்துகின்றன. இடையிசையை மையமாக்கும் பார்வை இவற்றில் எதையும் விரட்டவில்லை. விருந்தாளி எந்த அறையில் தங்கினார் என்று மட்டும் சொல்கிறது. அதற்கும் உறுதியான நிரூபணம் வேண்டுமானால் அந்த இடையிசைகளை எழுதியது யார் என்று தெரிய வேண்டும்: இசையமைப்பாளரா, உதவியாளரா, வாத்தியக்காரரே அங்கேயே போட்டுக்கொடுத்ததா? அந்தக் காலப் படங்களின் பெயர்ப் பட்டியலில் வாத்தியக்காரர்களின் பெயர் பொதுவாக வராது.

கேட்டவர்கள் பக்கமும் இடைவெளி பெரிது. ஆய்வுகள் ஸ்டுடியோவைச் சுற்றியே நிற்க, ஆலைத் தொழிலாளியும் தேரோட்டம் பார்க்க வந்தவரும் எதை எப்படிக் கேட்டார்கள் என்பது காவடிச் சிந்து போன்ற ஒப்புமைகளால் ஊகிக்கப்படுகிறதே ஒழிய விசாரிக்கப்படவில்லை. முன்னாள் முதல்வர் பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்து உருவான காந்தி கலை மன்றம் ராஜபாளையத்தில் இருக்கிறது. இரண்டு ஊரிலும் கல்லூரிகள் இருக்கின்றன. திருவிழாவுக்கு ரேடியோ செட்டு கட்டியவர்கள், கல்யாணங்களுக்கு பேண்டு செட் வாசித்தவர்கள், கொட்டகைகளில் படம் ஓட்டியவர்கள் ஆகியோரில் எஞ்சியிருப்பவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். எந்த இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள், எதைக் கோயில் பக்கம் போடக்கூடாது என்று தடுத்தார்கள் என்பதை அவர்களிடம் பதிவு செய்யும் வேலையை உள்ளூர் மாணவர்கள் இப்போதே தொடங்க வேண்டும்.